நாற்பது கட்டிலுக்கு ஒரு நர்ஸ்: குற்றவாளி யார்?

“சமாளித்துக்கொள்ளுங்கள்!”

நம் நாட்டு நர்சுகளுக்கு மேலேயிருந்து வரும் உத்தரவு இன்று இந்த ஒரே வார்த்தைதான். நாற்பது நோயாளிக்கு ஒருத்தி நிற்கிறாளா? சமாளித்துக்கொள். ராத்திரி டூட்டிக்கு வரவேண்டிய இரண்டாவது நர்ஸ் வரவில்லையா? சமாளித்துக்கொள். ஆயா வேலையையும் நீயே பார்க்க வேண்டியிருக்கிறதா? சமாளித்துக்கொள். சமாளிக்க முடியாமல் ஒரு கிழவர் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மட்டும் உத்தரவு மாறுகிறது. “உன் கவனக்குறைவு. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் விளக்கம் எழுதிக் கொடு” என்கிறார்கள்.

மில்லிலும் வயலிலும் பாடுபடுகிறவர்கள் படிக்கும் பத்திரிகையில் நர்சுகளைப் பற்றி எழுதுவானேன் என்று யாராவது கேட்கலாம். அந்த நாற்பது கட்டிலில் கிடப்பவர்கள் யார் என்று போய்ப் பார்க்கட்டும். சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த கொத்தனார் கிடக்கிறார். பக்கவாதத்தில் வலக்கை விழுந்துபோன தறிக்காரர் கிடக்கிறார். சர்க்கரைப் புண்ணுக்குக் காலைப் பறிகொடுத்த நடவுக்காரப் பாட்டி கிடக்கிறாள். பணம் உள்ளவன் படுத்தால் தன் வீட்டிலேயே பகலுக்கு ஒரு நர்ஸ், இரவுக்கு ஒரு நர்ஸ் என்று அமர்த்திக்கொள்கிறான். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கவனிப்பு தேவைப்படும் ஏழைக்குத்தான் இந்த நாற்பதில் ஒரு பங்கு.

அங்கே தனியாக நிற்கும் அந்தப் பெண்தான் யார்? அவளும் நம் வீட்டுப் பெண்தான். ஆர்.கே.பேட்டையிலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் எத்தனை நெசவாளி வீட்டுப் பெண்கள், விவசாயத் தொழிலாளி வீட்டுப் பெண்கள் கடன் வாங்கி நர்சிங் படித்துவிட்டு, திருத்தணி போய் ரயிலேறிச் சென்னையில் வேலை தேடுகிறார்கள்! கட்டிலில் கிடப்பவன் ஒரு தொழிலாளி, கட்டிலருகே நிற்பவள் இன்னொரு தொழிலாளியின் மகள். இருவரையும் மோத விட்டுவிட்டு, ஆள் போடாதவன் ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்திருக்கிறான். இதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

தறிக்கு உள்ள நியாயம் மனிதனுக்கு இல்லையா?

வேலைப்பளு என்றால் என்ன என்று மில் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இரண்டு தறி பார்த்தவனை நாலு தறி பார் என்றார்கள். நாலு பார்த்தவனை ஆறு பார் என்றார்கள். மூன்று ஆள் தூக்கிய சுமையை இரண்டு ஆள் தூக்கு என்றார்கள். இதற்கெல்லாம் ‘உற்பத்தித் திறன்’ என்று அழகான பெயரும் வைத்தார்கள். ஆனால் ஒன்று. பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டலாம். துணியில் பழுது விழுந்தால் கூலியில் பிடித்துக்கொண்டு முதலாளி சமாதானமாகிவிடுவான். ஆஸ்பத்திரி வார்டில் எதை நிறுத்துவது? பதினேழாம் நம்பர் கட்டிலில் ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது. அதே சமயம் முப்பத்திரண்டாம் நம்பரில் ஒருவர் மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிகிறார். நர்ஸ் எந்தப் பக்கம் ஓடுவாள்?

நீண்டநாள் நோயாளியின் கவனிப்பு எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும். ஆபரேஷன், அவசர சிகிச்சை என்றால் எல்லோரும் பயபக்தியோடு பேசுகிறார்கள். “சும்மா படுத்திருப்பவருக்கு என்ன பெரிய வேலை?” என்ற எண்ணம் மந்திரி முதல் மானேஜர் வரை எல்லோருக்கும் இருக்கிறது. சும்மா படுத்திருப்பதுதான் ஆபத்து! தானாகப் புரள முடியாதவரை ஒரே பக்கமாக விட்டுவைத்தால், எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகிறது. முதுகின் அடியில், குதிகாலில், இடுப்புப் பக்கத்தில் முதலில் சிவக்கும், பிறகு உரியும், பிறகு குழி விழும். எலும்பு தெரியும் அளவுக்குப் போய், விஷம் ரத்தத்தில் ஏறிச் செத்தவர்கள் உண்டு. படுக்கைப் புண் என்பது இதுதான். இதைத் தடுக்க விலை உயர்ந்த மருந்து எதுவும் வேண்டாம். ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ஈரம் போகத் துடைக்க வேண்டும், வயிற்றுக்குச் சத்தாக ஏதாவது போகவேண்டும். வேண்டியதெல்லாம் மனிதக் கை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பென்சில் எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள். வார்டில் புரள முடியாதவர்கள் முப்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைத் தூக்கிப் புரட்டி, துணி மாற்றி, தலையணை வைக்க ஐந்து நிமிஷம். முப்பது பேருக்கு 150 நிமிஷம். இரண்டு மணி நேரத்துக்கு இருப்பதோ 120 நிமிஷம்தான்! கடைசிக் கட்டிலுக்குப் போவதற்கு முன்பே முதல் கட்டில்காரருக்கு மறுமுறை நேரம் வந்து தாண்டிவிடுகிறது. இதிலும் ஒரு மனிதரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும் என்பதை நாம் கணக்கில் சேர்க்கவேயில்லை. மாத்திரை கொடுக்கவில்லை, ஊசி போடவில்லை, தலையை உயர்த்திப் பிடித்து மூக்குக் குழாயில் கஞ்சி விடவில்லை, மூத்திரப் பையைக் காலி செய்யவில்லை, ரத்தக்கொதிப்புப் பார்க்கவில்லை, ரிப்போர்ட் எழுதவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. எவ்வளவு தியாக சிந்தையுள்ள நர்சாக இருந்தாலும் சரி, 120 நிமிஷத்தை 150 ஆக்க முடியுமா? முடியாததைச் செய் என்று சொல்லிவிட்டு, செய்யாததற்குத் தண்டனை கொடுப்பதற்கு நிர்வாகம் என்று பெயரா?

சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்ற அளவுகோல் இந்த நாட்டிலேயே இருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றப் பொது ஆஸ்பத்திரிகளில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், லீவு நாட்களுக்காக அதற்கு மேல் 30 சதவீதம் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. “அது மூன்று ஷிப்டுக்கும் சேர்த்த கணக்கு ஐயா” என்று சில உத்தியோகஸ்தர்கள் வாதாடுவார்கள். சரி, அவர்கள் வாதத்தையே ஏற்றுக்கொள்வோம். அப்படியானாலும் ஒரு ஷிப்டில் 9 பேருக்கு ஒருவர், அல்லது 15 பேருக்கு ஒருவர் என்றல்லவா வருகிறது? நாற்பது எங்கிருந்து வந்தது? அளவுகோலைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியையும் தொலைத்துவிட்டார்கள்.

கடல் கடந்த சாட்சி

ஆள் குறைந்தால் உயிர் போகிறது என்பது நம் ஆத்திரப் பேச்சு என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் என்ற பேராசிரியையும் அவரது சகாக்களும் 2002-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி அது. ஒரு நர்சின் தலையில் கூடுதலாக ஒரு நோயாளி ஏறும்போதெல்லாம், முப்பது நாளுக்குள் நோயாளி சாகும் அபாயம் 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1999-இல், கலிபோர்னியா மாநிலத்து நர்சுகள் சங்கம் வைத்துப் போராடி, எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்று சட்டமே வாங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரி முதலாளிகள் எவ்வளவோ முட்டுக்கட்டை போட்டும் 2004 முதல் அது அமலுக்கு வந்தது.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. தீவிர கவனிப்பு தேவைப்படும் முதியோருக்கான பொதுத்துறை இல்லங்களில் காலை ஷிப்டில் 7 பேருக்கு ஒரு நர்ஸ், பிற்பகலில் 8 பேருக்கு ஒருவர், இரவில் 15 பேருக்கு ஒருவர், இவர்களுக்கு மேல் பொறுப்பு நர்ஸ் ஒருவர் என்று சட்டத்திலேயே எண்ணை எழுதி வைத்தார்கள். கிழவர் கிழவிகள் தங்கும் இல்லத்துக்கு! நம் ஊரில் சிலர் முதியோர் இல்லம் என்று போர்டு மாட்டிவிட்டு, எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணுக்கு வெள்ளை அங்கி மாட்டி நிறுத்துகிறார்களே, அதையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் முதலாளி எங்கும் முதலாளிதான். கொரோனா காலத்தில் அமெரிக்க முதியோர் இல்லங்களிலும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களிலும் தங்கியிருந்தவர்களும் ஊழியர்களுமாக இரண்டு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். அத்தனை பிணம் விழுந்த பிறகு, 2024-இல் அந்த நாட்டுச் சர்க்கார், தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 3.48 மணி நேரம் கவனிப்பு கிடைக்கும்படி ஆள் போடவேண்டும் என்று விதி செய்தது. ஒரு மனிதனுக்கு ஒரு நாளில் மூன்றரை மணி நேரம் கூட இல்லை! அதைக்கூடப் பொறுக்க முடியாமல் இல்ல முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஏப்ரலில் டெக்சாஸ் கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது. டாலர் தேசத்து முதலாளிக்கும் அண்ணாநகர் முதலாளிக்கும் பாஷைதான் வேறு.

பூமாரி பொழிந்தவர்கள் செய்தது என்ன?

தமிழ்நாட்டின் கதை நமக்குத் தெரியாததல்ல. 2015-ஆம் ஆண்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம், போட்டிப் பரீட்சை எழுதி ஜெயித்த ஆயிரக்கணக்கான நர்சுகளைச் சர்க்கார் வேலைக்கு எடுத்தது. சம்பளம் எவ்வளவு? தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். நாளுக்கு 257 ரூபாய்கூட முழுசாக வரவில்லை! இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் வந்தார்கள். இரண்டு வருஷம் கழிந்தது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. ஹைகோர்ட் தலையிட்டுப் போராட்டத்தைக் கைவிடச் சொன்னது. அதன்பிறகு சம்பளம் 14,000 ஆயிற்று, பின்னர் 18,000 ஆயிற்று. கேட்காமல் ஒரு ரூபாய் ஏறியதா என்று சொல்லட்டும்.

2020-இல் கொரோனா வந்தது. மார்ச் 22-ஆம் தேதி தட்டைத் தட்டச் சொன்னார்கள், தட்டினோம். மே 3-ஆம் தேதி ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூவைக் கொட்டினார்கள், அண்ணாந்து பார்த்தோம். அந்த நெருக்கடியில் தற்காலிகமாக நர்சுகளை அவசர அவசரமாக எடுத்தார்கள். பெற்ற பிள்ளையே கிட்டே வரப் பயந்த நோயாளிகளை அந்தப் பெண்கள் தொட்டுப் பார்த்தார்கள். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்தது, வீட்டுக்குப் போ என்றார்கள். புத்தாண்டுப் பரிசு! பூவைக் கொட்டியது ஒரு சர்க்கார், வீட்டுக்கு அனுப்பியது இன்னொரு சர்க்கார் என்று வக்கீல் பேச்சுப் பேசுவோர் பேசட்டும். வேலை போன பெண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்.

இதையும் வைத்துக்கொண்டு “நர்சுகள் கிடைக்கவில்லை” என்கிறார்களே, இந்தப் பொய்யை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வளைகுடா நாடுகளின் ஆஸ்பத்திரிகளும் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளும் இந்திய நர்சுகளின் கைகளில் ஓடுகின்றன. அங்கே போக ஆள் இருக்கிறது, இங்கே வேலை செய்ய ஆள் இல்லையாம்! பயிற்சி பெற்ற இரண்டாயிரம் பேரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆள் பற்றாக்குறை என்று கண்ணீர் வடிப்பதற்கு வேறு பெயர் வைக்கவேண்டும்.

தனியார் ஆஸ்பத்திரிகளின் யோக்கியதை இதைவிட மோசம். 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதன் பேரில் அமைக்கப்பட்ட கமிட்டி, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரி சர்க்கார் நர்சுக்குச் சமமான சம்பளம் தரவேண்டும், 50 படுக்கைக்குக் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. எத்தனை முதலாளி அதைப் படித்துப் பார்த்தான்? 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபையில் தொழிற்சாலைகளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை மசோதாவை நிறைவேற்றியபோது, எல்லாத் தொழிற்சங்கங்களும் ஒரே குரலில் எழுந்து, மே தினத்துக்குள் அதை வாபஸ் வாங்க வைத்தோம். நல்ல வெற்றி. ஆனால் எத்தனையோ தனியார் ஆஸ்பத்திரிகளில் ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை பன்னிரண்டு மணி நேரம் எந்த மசோதாவும் இல்லாமலே நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி நம் சங்கங்கள் எத்தனை சுவரொட்டி ஒட்டின?

சங்கிலியும் ஆளும்

ஆள் போடாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஏதோ ஒன்று வருகிறது. ராத்திரி ஓடியாடும் கிழவருக்குத் தூக்க மருந்து வருகிறது. கையைக் கட்டிலோடு கட்டும் துணி வருகிறது. கடைசியில் சங்கிலி வருகிறது.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் வெந்து செத்தவர்கள் 28 பேர். நாடே பதறியது. சுப்ரீம் கோர்ட் தானாக முன்வந்து விசாரித்தது. 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்தது. எல்லாம் சரி. ஆனால் அந்தச் சங்கிலி ஏன் வந்தது என்று எத்தனை பேர் கேட்டார்கள்? மூடநம்பிக்கை என்றார்கள். மூடநம்பிக்கை நோயாளியை அந்த ஊர் வரை கொண்டு வந்தது. காலில் சங்கிலியைப் போட்டது சிக்கனம். பத்து நோயாளியைப் பார்க்க இரண்டு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதைவிட பத்துச் சங்கிலி மலிவு. மாதாமாதம் சம்பளம் கேட்காது, லீவு கேட்காது, சங்கம் வைக்காது.

இதற்கு நேர்மாறான ஒரு சாட்சியும் இந்த நாட்டிலேயே உண்டு. பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர் அருணா ஷான்பாக். 1973 நவம்பர் 27-ஆம் தேதி, அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். 2015 மே 18-ஆம் தேதி கண்மூடும் வரை, நாற்பத்தொரு ஆண்டுக்கு மேல் அதே ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரைக் கவனித்தவர்கள் அந்த ஆஸ்பத்திரி நர்சுகள். தலைமுறை தலைமுறையாக, ரிட்டயர் ஆகிறவர்கள் புதிதாக வருகிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 2011-இல் சுப்ரீம் கோர்ட் வழக்கை விசாரித்தபோது, இத்தனை வருஷம் படுத்திருந்தும் அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை என்பது பதிவாயிற்று. எண்பதுகளில் படுக்கையைக் காலி செய்ய அவரை வெளியே அனுப்ப முனிசிபல் கார்ப்பரேஷன் முயன்றபோது, நர்சுகள் கிளர்ச்சி செய்து தடுத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பாசம் மட்டும் இருந்தால் போதாது, கிளர்ச்சியும் வேண்டியிருந்தது. ஒருவரைப் பல கைகள் கவனித்தால் நாற்பது வருஷத்திலும் புண் வராது. நாற்பது பேரை ஒரு கை கவனித்தால் சில நாளிலேயே வரும்.

நம் வட்டாரத்துக் கணக்கு

ஆஸ்பத்திரிக் கட்டில் கிடைத்தவர்களின் கதை இது. கட்டிலே கிடைக்காமல் வீட்டுத் திண்ணையில் கிடப்பவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். அவர்களுக்காக 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். திட்டத்தை நாம் குறை சொல்லவில்லை. கூலிக்காரன் ஒரு நாள் கூலியை விட்டுப் பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்காமல், சர்க்கரை மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் வீட்டுக்கே வந்தது நல்ல காரியம். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபை விருதும் கிடைத்தது. வாங்கிக்கொள்ளட்டும்.

ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க அந்தத் திட்டத்தில் வகுத்தது என்ன? ஒரு வட்டாரத்துக்கு நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென ஒரு நர்ஸ், உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஒருவர், போய்வர ஒரு வண்டி. ஒரு வட்டாரம் என்றால் ஒரு ஊர் அல்ல. ஆர்.கே.பேட்டை ஒன்றியத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் குக்கிராமங்கள், காலனிகள், ஆந்திர எல்லையை ஒட்டிய மலையடி ஊர்கள். ஊராட்சிக்கு ஐந்தே பேர் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். முப்பது ஊராட்சிக்கு 150 வீடு. மாதத்தில் இருபத்தைந்து நாள், நாளைக்கு ஆறு வீடு என்று அந்த நர்ஸ் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல், வண்டி ஒரு நாள்கூடப் பழுதாகாமல் சுற்றினால், ஒரு வீட்டுக்கு மாதம் ஒருமுறை போகலாம். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டிய உடம்புக்கு மாதம் ஒருமுறை நர்ஸ்! மாத்திரை கொண்டுவரும் பெண் தொண்டர்களோ சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு 4,500 ரூபாய் என்று தொடங்கிய தொகைக்குச் சம்பளம் என்றுகூடப் பெயர் வைக்கவில்லை. ஊக்கத்தொகையாம்!

மீதி இருபத்தொன்பது நாள் யார் நர்ஸ்? அவன் பெண்சாதி. இல்லையென்றால் மருமகள். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பக்கவாதத்தில் விழுந்த தறித் தொழிலாளியின் மனைவி, நடவுக்குப் போனால் புருஷனைப் புரட்ட ஆளில்லை, போகாவிட்டால் உலையேற்ற அரிசியில்லை என்று நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வயது மகள் பள்ளிக்கூடத்தை விட்டு அப்பனுக்குக் காவல் இருந்தாள். சர்க்கார் போடாத நர்சின் வேலையை அந்தக் குழந்தை செய்கிறது என்பதை எந்தப் புள்ளிவிவரத்தில் எழுதுகிறார்கள்? முன்பு அமுக்கிவைத்த செலவு இப்படித்தான் நம் வீட்டு நெல்லுப் பானையிலிருந்து வசூலாகிறது.

யார்மேல் கோபப்படுவது?

இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியாக வேண்டும். ராத்திரி ஆஸ்பத்திரியில் அப்பனுக்கு ஊசி போட அரைமணி தாமதமானால் யாரைத் திட்டுகிறோம்? எதிரே நிற்கும் நர்சைத்தான். “போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா?” என்று கத்துகிறோம். சிலர் கையையும் ஓங்குகிறார்கள். ஆஸ்பத்திரி ஊழியரைத் தாக்கினால் சிறை என்று 2008-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. மேஸ்திரி செய்த கோளாறுக்குப் பக்கத்துத் தறிக்காரனை அடிப்பவனை நாம் என்ன சொல்வோம்? அந்த வார்டில் ஏன் ஒரே ஒருத்தி இருக்கிறாள், பட்டியல்படி எத்தனை பேர் இருக்கவேண்டும் என்று மறுநாள் காலையில் பத்துப் பேராகப் போய்ச் சூப்பரிண்டெண்டைக் கேட்க நமக்கு நேரமில்லை. ராத்திரி ஒரு பெண்ணிடம் கத்த மட்டும் நேரம் இருக்கிறது!

நர்ஸ் சகோதரிகளுக்கும் சொல்கிறோம். மே 12-ஆம் தேதி வந்தால் உங்களை வரிசையில் நிறுத்தி மெழுகுவத்தி கொடுத்து, தேவதை என்கிறார்கள். கேக் வெட்டுகிறார்கள். மனஅழுத்தம் போக மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், ஆனால் எத்தனை மூச்சு இழுத்தாலும் வார்டில் இன்னொரு ஆள் வந்து நிற்பதில்லையே! அன்று யாருடைய பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்களோ அந்த நைட்டிங்கேல் அம்மையாரின் கையில் விளக்கு மட்டும் இருந்ததாகப் படம் போட்டுவிட்டார்கள். அவர் கணக்கெழுதிய பெண். கிரிமியா யுத்தத்தில் குண்டு பட்டுச் செத்த சிப்பாய்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் அதிகம் என்று 1858-இல் எண்ணிக்கையோடு வரைந்து காட்டி, இங்கிலாந்து ராணுவத்தின் முகத்தில் கரி பூசினார்.

நீங்களும் எழுதுங்கள். டூட்டி ஏற்கும்போதே ரிப்போர்ட் புத்தகத்தில் நோயாளி இத்தனை, படுக்கையில் கிடப்பவர் இத்தனை, நர்ஸ் இத்தனை, ஆயா இத்தனை என்று மணி போட்டு எழுதுங்கள். இன்னொரு ஆள் வேண்டும் என்று மேலே கேட்டால் யாரிடம், எத்தனை மணிக்குக் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். செய்ய முடியாமற்போனதைச் செய்ததாக ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். புரட்டாதவரைப் புரட்டியதாக எழுதினால் அந்தப் பொய் நிர்வாகத்தைக் காப்பாற்றும், புண் வந்த அன்றைக்கு உங்கள் கழுத்தை அறுக்கும். எல்லோரையும் ஒரே மாதிரிக் கவனிக்க முடியாத ராத்திரியில் மூச்சு, ரத்தம், விழும் ஆபத்து, மூக்குக் குழாய் ஆகியவற்றை முதலில் பாருங்கள். விரிப்பின் மடிப்பும் மேஜைத் துடைப்பும் காத்திருக்கட்டும். முறையீட்டைத் தனியாகக் கொண்டுபோகாதீர்கள். தனியாகப் போனவளுக்கு டிரான்ஸ்பர் கிடைக்கும், கூட்டமாகப் போனவர்களுக்குப் பேச்சுவார்த்தை கிடைக்கும்.

கேரளத்தில் அப்படித்தான் நடந்தது. அங்கே சர்டிபிகேட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பாண்டு எழுதி வாங்கி, அற்பச் சம்பளத்துக்கு வேலை வாங்கிய தனியார் ஆஸ்பத்திரிகளை எதிர்த்து 2011-இல் நர்சுகள் சங்கமானார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக வேலைநிறுத்தம் செய்தார்கள். 2017-இல் மறுபடி எழுந்தார்கள். 2018 ஏப்ரலில் தனியார் நர்சுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. நோயாளியை விட்டுவிட்டு வேலைநிறுத்தமா என்று முதலாளிகளின் பத்திரிகைகள் ஒப்பாரி வைத்தன. முன்னூற்றறுபத்தைந்து நாளும் நாற்பது பேரை ஒருத்தியிடம் விட்டுவைத்தவர்களுக்கு நோயாளியின் ஞாபகம் அன்று ஒரு நாள்தான் வந்தது!

நம் ஊர்களில் என்ன செய்யலாம்? வருஷத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கையும் தண்ணீர்க் குழாயையும் பேசிவிட்டுக் கலைந்து போகாமல் நாலு கேள்வி கேளுங்கள். நம் ஊராட்சியில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர், கடந்த மூன்று மாதத்தில் எந்தெந்தத் தேதியில் நர்ஸ் வந்தார், நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் பணியிடம் எத்தனை, அதில் காலி எத்தனை? பெயர் பெயராக, தெருத் தெருவாகப் பட்டியலை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். பாட்டாளி வீட்டுப் பெண்களுக்கு இதில் எழுத்துத் தெரியாதவர்களும் விரல்விட்டுச் சொல்வார்கள், ஏனெனில் புரட்டுகிறவர்கள் அவர்கள்தான். வட்டாரத்துக்கு ஒரு நர்ஸ் போதாது, ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றுக்கும் வீடு தேடி வரும் நர்ஸ் வேண்டும், நிரந்தரச் சம்பளத்தில் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டு, படித்துக் காட்டப்பட்ட பிறகே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள்.